குட்டி இளவரசிகளும் நம் கடைக் கொசுறும்



நம் இதழில் எடைக்கல் முத்திரை, லைசென்ஸ் புதுப்பித்தல், வரிக் கணக்கு, வத்தல் மல்லி மார்க்கெட் நிலவரம் என்று எழுதுவதே வழக்கம். இந்த மாத வியாபாரப் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் வேறு மாதிரியானது. நம் கடைகளில் தொங்குகிற இளவரசிப் படம் போட்ட பைகளும், கிரீடம் வளையல் செட்டுகளும், பொம்மைகளும் மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் மனதில் என்ன செய்கின்றன என்பதே அது.

"இது டீச்சர்மார் பேச வேண்டிய சங்கதி, பலசரக்குக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்தச் சரக்கைப் பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுப்பது நாம். கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசுவதும் நாம். அந்த வார்த்தையைப் பற்றியதுதான் இந்தப் பாடம்.

நான் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். விளாத்திகுளத்தில் பலசரக்கு மொத்த வியாபாரம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் மட்டும் பை, நோட்டு, பென்சில் பெட்டி, பேன்சி சாமான் என்று மதுரையிலும் சென்னை பாரிமுனையிலும் கொள்முதல் செய்து சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுவேன். சரக்கு தெரியும், ரேட் தெரியும். சரக்கு போன பிறகு என்ன ஆகிறது என்று அதிகம் யோசித்தவன் அல்ல. யோசிக்க வைத்தது என் பேத்திதான்.

கடையில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம். அப்போது பேத்திக்கு ஐந்து வயது. புதுப் பை எடுக்க மகள் அவளைக் கடைக்கு அழைத்து வந்தாள். பிள்ளை நேராக இளவரசிப் படம் போட்ட ரோஜா நிறப் பையைப் போய்த் தொட்டது. என் கடையில் நீண்ட காலமாக இருக்கும் கணக்குப்பிள்ளை, பாசத்தோடு பேசுகிறவர், விளையாட்டாக, "ராசாத்தி, அந்தப் பொம்மை வெள்ளையா இருக்கு, நீ நம்ம கரிசல் மண்ணு மாதிரில்லா இருக்க. மொதல்ல இந்தக் கிரீமைப் போட்டு வெள்ளையாகு, பிறகு அந்தப் பையை எடு" என்று மேலே தொங்கிய சரத்தைக் காட்டினார். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளையும் சிரித்தது. பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி மகளிடமிருந்து போன். வீட்டிலிருந்த கிரீம் பாக்கெட்டுகளைக் கிழித்து முகம், கை, கால் எல்லாம் அப்பிக்கொண்டாளாம். கண்ணில் பட்டு எரிச்சல் தாங்காமல் அழுதிருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "அந்தப் பைய நாளைக்குத் தூக்கிட்டுப் போகணும்லா, நான் வெள்ளையாகணும்லா" என்றாளாம். மகள் என்னைத் திட்டவில்லை. "அப்பா, நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களாமே" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவள் அப்பிக்கொண்ட பாக்கெட்டும் என் கடைச் சரக்கு. அந்தப் பையும் என் கடைச் சரக்கு. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்ட வார்த்தையும் என் கடையில் பேசியதுதான். அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இளவரசி சரக்கானது எப்படி?

ராஜா ராணிக் கதை நமக்குப் புதிதல்ல. பாட்டி சொல்லாத இளவரசிக் கதையா? ஆனால் பாட்டி கதையில் இளவரசிக்கு முகம் கிடையாது. கேட்கிற பிள்ளை தன் முகத்தையே வைத்துக்கொள்ளும். முகத்தை அச்சடித்துக் கொடுத்தது சினிமாவும் அதன் பின்னால் வந்த வியாபாரமும்தான்.

அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் 1937-ல் ஸ்நோ ஒயிட், 1950-ல் சிண்ட்ரெல்லா என்று இளவரசிப் படங்களை எடுத்தது. அறுபது வருடங்களுக்கு மேலாக அவை தனித்தனிப் படங்களாகவே இருந்தன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்த நிறுவனத்தின் விற்பனைப் பொருள் பிரிவுக்கு ஆண்டி மூனி என்பவர் வந்தார். அதற்கு முன் செருப்பு, ஷூ விற்கும் நைக்கி நிறுவனத்தில் இருந்தவர். அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரில் டிஸ்னியின் பனிச்சறுக்கு நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கப் போனபோது, வரிசையில் நின்ற சிறுமிகள் பலர் வீட்டில் தைத்த இளவரசி உடுப்பில் வந்திருப்பதைக் கவனித்தார். அவை எதுவும் கம்பெனிச் சரக்கு இல்லை. தேவை இருக்கிறது, சரக்கு இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வெவ்வேறு கதைகளில் இருந்த ஒன்பது பெண்களை ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்து, உடை, பை, தட்டு, படுக்கை விரிப்பு என்று எல்லாவற்றிலும் போட்டார். 2001-ல் 30 கோடி டாலராக இருந்த அந்த விற்பனை 2006-ல் 300 கோடி டாலர் ஆயிற்று. ஐந்தே வருடத்தில் பத்து மடங்கு.

வியாபாரி என்ற முறையில் அவரது கண்ணை நான் மெச்சுகிறேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கிடங்கில் கிடந்த பழைய சரக்கை ஒன்றாக அடுக்கிப் பெயர் வைத்தார், அவ்வளவுதான். அந்தப் படங்களில் ஒரு சங்கதி உண்டு. ஒன்பது பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. அப்படி வரையக் கூடாது என்பது அந்தக் கம்பெனியின் விதியாகவே இருந்தது. ஒவ்வொருத்தியும் தனித்தனிக் கதைக்கு உரியவள் என்பது காரணம். நம் பிள்ளைகள் கையில் வந்து சேர்ந்த இளவரசிக்குத் தோழி கிடையாது. அவளுக்கு உடுப்பு உண்டு, கிரீடம் உண்டு, கண்ணாடி உண்டு.

நம் நாட்டில் இதற்கு முன்னோடி பார்பி பொம்மை. 1959-ல் அமெரிக்காவில் அறிமுகமாகி, 1980-களின் பிற்பகுதியில் இந்தியச் சந்தைக்கு வந்தது. சேலை கட்டிய பார்பியும் வந்தது. விலை அதிகம் என்பதால் நம்மைப் போன்ற ஊர்க் கடைகளுக்கு அசல் அவ்வளவாக வரவில்லை. அதைப் பார்த்துச் செய்த பொம்மைகள் கோயில் கொடைக் கடைகளில் வந்தன. 2013-ல் வெளியான ஃப்ரோசன் படத்துக்குப் பிறகு எல்சா படம் போட்ட பை இல்லாத கடையே இல்லை என்றாயிற்று. நம் கரிசல்காட்டு வெயிலில், பனிக்கட்டி ராணியைப் பிள்ளைகள் முதுகில் சுமந்து போகிறார்கள்.

ரோஜா நிறம் யார் வைத்தது?

ரோஜா நிறம் பெண் பிள்ளைக்கு, நீலம் ஆண் பிள்ளைக்கு என்பது ஏதோ பிறவியிலேயே வந்தது போலப் பேசுகிறோம். இது நம்மைப் போன்ற வியாபாரிகள் வைத்தது என்பதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவில் குழந்தைத் துணி வியாபாரிகளுக்காக நடந்த ஒரு தொழில் பத்திரிகை, நம் இதழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், 1918 ஜூன் மாதத்தில் இப்படிக் கூறியது: ரோஜா நிறம் உறுதியான நிறம், அதனால் ஆண் பிள்ளைக்கு ஏற்றது, நீலம் மென்மையானது, அதனால் பெண் பிள்ளைக்கு அழகு. இன்று நாம் சொல்வதற்கு நேர் எதிர்! நூறு வருடத்தில் நிறம் மாறவில்லை, அதைப் பற்றி வியாபாரி சொன்ன வார்த்தைதான் மாறியது.

நம் ஊர் வழக்கத்தில் பிள்ளைகளுக்கு இப்படி நிறம் பிரித்ததாக எனக்கு நினைவில்லை. பொங்கலுக்கு ஒரே துணியில் அண்ணனுக்குச் சட்டையும் தங்கைக்குப் பாவாடையும் தைத்துப் போட்ட வீடுகள்தானே நாம் எல்லோரும்?

பிரித்து விற்பதில் தயாரிப்பாளருக்கு லாபம் உண்டு. அண்ணன் வைத்திருந்த நீலப் பெட்டியைத் தங்கை தொடமாட்டாள் என்றால் வீட்டுக்கு இரண்டு பெட்டி விற்கும். ஆனால் நமக்கு? ஒரே சாமானுக்கு இரண்டு ஸ்டாக் வைக்க வேண்டும். முதல் இரண்டு பங்கு முடங்கும். ஆகஸ்டு மாதம் ஒரு நிறம் தீர்ந்து மறு நிறம் தேங்கும். உள்ளே சின்ன விளையாட்டுச் சாமான் வைத்த சாக்லேட் முட்டையை நீலம், ரோஜா என்று பிரித்து அனுப்பியபோது நம்மில் பலர் பட்ட பாடு நினைவிருக்கும். "நீலம் தீர்ந்து போச்சு" என்று சொல்லி, அழுகிற பையனை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். ரோஜா முட்டை கையில் இருந்தும் கொடுக்கவில்லை, அவனும் வாங்கவில்லை.

ஆராய்ந்தவர்கள் சொல்வது

இளவரசிச் சரக்கால் பிள்ளைக்குக் கெடுதல் உண்டா என்பதை ஊகமாகச் சொல்லாமல் ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது. அமெரிக்காவில் சாரா கோய்ன் என்ற பேராசிரியையும் குழுவினரும் பள்ளி செல்லத் தொடங்கும் வயதுள்ள 198 பிள்ளைகளை ஒரு வருடம் கவனித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இளவரசிப் படத்திலும் பொம்மையிலும் அதிகமாக ஈடுபட்ட பிள்ளைகள் ஒரு வருடத்துக்குப் பிறகு, 'பெண் பிள்ளை இப்படித்தான்' என்ற வழக்கமான விளையாட்டுகளிலேயே அதிகம் நின்றார்கள். உடுப்பு அழுக்காகும், ஓடக் கூடாது, ஏறக் கூடாது என்று பிள்ளை தானே ஒதுங்கிவிட்டால், ஓடி ஏறி உடைத்துப் பார்த்துக் கற்க வேண்டியதெல்லாம் போய்விடுமே என்பது அவர்கள் கவலை.

இரண்டாவது. அதே பேராசிரியை ஐந்து வருடம் பொறுத்து, வேறு பிள்ளைகளையும் சேர்த்து 307 பேரைப் பார்த்து 2021-ல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறாக இருந்தது. சிறு வயதில் இளவரசியோடு விளையாடிய பிள்ளைகள் பத்துப் பதினோரு வயதில், ஆணும் பெண்ணும் சமம் என்ற எண்ணத்தில் மற்றவர்களைவிட மேலாகவே இருந்தார்கள். தங்கள் உடம்பைப் பற்றியும் நல்ல எண்ணம் வைத்திருந்தார்கள். 'ஆம்பளை அழக் கூடாது' என்பது போன்ற வீறாப்பும் அவர்களிடம் குறைவாக இருந்தது. ஆகவே படத்தைக் கண்டதும் கெட்டுப்போவாள் என்று பயமுறுத்துவதும் சரியல்ல.

மூன்றாவது. இங்கிலாந்தில் 5 முதல் 8 வயது வரையுள்ள 162 சிறுமிகளிடம் நடந்த ஆராய்ச்சி, 2006-ல் வெளிவந்தது. சிலருக்குப் பார்பிப் படங்களையும், சிலருக்குச் சாதாரண உடல்வாகுள்ள பொம்மைப் படங்களையும், சிலருக்குப் பொம்மையே இல்லாத படங்களையும் காட்டினார்கள். பார்பியைப் பார்த்த சிறு பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மேல் திருப்தி குறைந்தது, இன்னும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை வந்தது. சின்னப் பிள்ளைகளிடம்தான் இது அதிகம்.

நான்காவது. 2017-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு. 'ரொம்ப ரொம்பக் கெட்டிக்காரர்' ஒருவரைப் பற்றிக் கதை சொல்லி, அவர் ஆணா பெண்ணா என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஐந்து வயதில் ஆண் பிள்ளை ஆண் என்றது, பெண் பிள்ளை பெண் என்றது. ஆறு வயது ஆனதும் பெண் பிள்ளைகளில் அப்படிச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் என்ன நடந்தது? பள்ளிக்கூடம், வீடு, தெரு, கடை எல்லாம் சேர்ந்து ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

இந்த நான்கையும் சேர்த்து எனக்குப் புரிந்தது இதுதான். பொம்மை தனியாக ஒன்றும் செய்துவிடுவதில்லை. பெரியவர்கள் அதோடு என்ன வார்த்தையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் பொறுத்தே அது நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது. அந்த வார்த்தை ஐந்து ஆறு வயதில் ஆழமாகப் பதிகிறது. அந்த வயதுப் பிள்ளைதான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நம் கடைக்கு வருகிறது.

கறுப்பும் வெள்ளையும்

மேல்நாட்டில் இந்த இளவரசிப் பேச்சு உடல்வாகு, உடுப்பு என்று போகும். நம் ஊரில் முதலில் போய் நிற்கிற இடம் நிறம்தான். என் பேத்தி விஷயத்திலும் அதுதான் நடந்தது.

1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியர், நிறம் மட்டும் வேறான ஒரே மாதிரிப் பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்புப் பிள்ளைகள் 253 பேரிடம் காட்டினார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. "உன்னைப் போல் இருப்பது எது?" என்று அடுத்துக் கேட்டபோது சில பிள்ளைகள் அழுதுவிட்டன. நிறம் பிரித்துத் தனித்தனிப் பள்ளி வைப்பது செல்லாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆராய்ச்சியும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

நம் நாட்டுக் கதை நமக்கே தெரியும். வெள்ளையாக்கும் கிரீம் 1975-ல் சந்தைக்கு வந்தது. 1980-களில் சிறு பாக்கெட்டுகள் பெருகியபின் அதுவும் சரமாகக் கடைவாசலில் தொங்க ஆரம்பித்தது. 2009-ல் சென்னையிலிருந்து ஒரு பெண்கள் அமைப்பு 'கறுப்பும் அழகே' என்று இயக்கம் தொடங்கியது. 2014-ல் விளம்பரத் தர நிர்ணய கவுன்சில், கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று நெறி வகுத்தது. 2020-ல் அந்தப் பெரிய கிரீம் தன் பெயரிலிருந்து வெள்ளை நிறத்தைக் குறிக்கும் சொல்லையே எடுத்துவிட்டது. பார்பிக் கம்பெனியும் 2016-ல் பல உடல்வாகிலும் பொம்மை செய்யத் தொடங்கியது. கம்பெனிகள் வார்த்தையை மாற்றிக்கொண்டன. நாம்தான் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு "வெள்ளையாக்குற கிரீம்" என்றே இன்னும் எடுத்துக் கொடுக்கிறோம்.

நான் கிரீம் விற்பதை நிறுத்திவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பெரியவர்கள் கேட்டால் கொடுக்கிறேன். ஆனால் சின்னப் பிள்ளையைக் காட்டி அதை எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

பக்கத்துச் சீமை இளவரசி

இளவரசி என்றால் வெள்ளை முகம், ஒல்லி இடை, தூக்கிப்போக ஒரு ராஜகுமாரன் என்று எவன் சொன்னான்? நம் வேம்பார் தாண்டினால் ராமநாதபுரம் சீமை. அந்தச் சீமையில் 1730-ல் ஒரு நிஜ இளவரசி பிறந்தார். சேதுபதி மன்னரின் ஒரே மகள் வேலு நாச்சியார். சிலம்பம், வாள், வில், குதிரையேற்றம் என்று கற்று, பல மொழிகளும் படித்து வளர்ந்தார். சிவகங்கைக்கு மருமகளாகப் போனார். 1772-ல் காளையார்கோவில் சண்டையில் கணவர் முத்துவடுகநாதத் தேவர் இறந்துபோக, மகளோடு தப்பி, விருப்பாச்சிப் பக்கம் தங்கி, எட்டு வருடம் ஆள் சேர்த்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டு ஆண்டார். நம் அரசாங்கம் 2008-ல் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

அவர் படம் போட்ட ஒரு பென்சில் பெட்டி கொள்முதலுக்குக் கிடைக்குமா என்று நானும் பாரிமுனையில் கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அச்சடிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் முதல் ஆர்டர் என்னுடையது.

நம் பழைய விளையாட்டுச் சாமான் மட்டும் ரொம்ப யோக்கியம் என்றும் சொல்ல முடியாது. அம்பாசமுத்திரம் மரச் சொப்பு அழகான சாமான்தான். ஆனால் சொப்பைப் பெண் பிள்ளைக்கும் பம்பரத்தைப் பையனுக்கும் கொடுத்து, அடுப்படி உனக்கு, தெரு அவனுக்கு என்று பாடம் சொன்னதும் நாம்தான். குற்றம் சொப்பில் இல்லை. கொடுக்கும்போது சொன்ன வார்த்தையில் இருக்கிறது.

அந்த வார்த்தையிலும் நல்லது உண்டு. கணக்குப்பிள்ளை வாயில் வந்த 'ராசாத்தி' எவ்வளவு நல்ல சொல்! பருத்தி எடுக்கப் போகும் தாய், மண்ணில் புரண்டு வந்த பிள்ளையைத் தூக்கி ராசாத்தி என்பாள். அதற்கு நிறம் வேண்டாம், கிரீடம் வேண்டாம். அப்படியே விட்டிருந்தால் போதும். பின்னால் சேர்த்ததுதான் கெடுத்தது.

கடையில் செய்யக்கூடியவை

இதற்குச் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. நான் என் கடையில் செய்துவருவதையும், சில்லறைக் கடைக்காரர்களுக்குச் சொல்லிவருவதையும் வரிசையாகத் தருகிறேன்.

1. பை, பென்சில் பெட்டிகளைப் 'பையன் பக்கம், பிள்ளை பக்கம்' என்று அடுக்காதீர்கள். விலைவாரியாக அடுக்குங்கள். பிள்ளை தனக்குப் பிடித்ததை எடுக்கும், பெற்றோருக்கும் விலை பார்க்க வசதி.

2. "பாப்பாவா, பையனா?" என்று கேட்டு எடுத்துப் போடுவதைவிட, "உனக்கு எது பிடிக்குது?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். இளவரசிப் பை கேட்டால் சந்தோஷமாகக் கொடுங்கள். லாரிப் படம் போட்ட பை கேட்கும் பெண் பிள்ளைக்கும், ரோஜா நிறம் கேட்கும் ஆண் பிள்ளைக்கும் அதே சந்தோஷத்தோடு கொடுங்கள். சிரிக்காதீர்கள்.

3. பிள்ளையின் நிறம், பருமன், உயரம், பல் பற்றிக் கடையில் யாரும் கேலி பேசக் கூடாது என்று வேலையாட்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாமும் பேசக் கூடாது. யாராவது பேசினால் சேர்ந்து சிரிக்கக் கூடாது.

4. விளையாட்டுச் சாமான் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். முத்திரை இல்லாத சரக்கு மலிவாக வரும், ஆனால் மாட்டினால் விற்ற நமக்கும் கஷ்டம், கடித்தால் பிள்ளைக்கும் கஷ்டம்.

5. 'குட்டி மேக்கப் செட்' என்று உதட்டுச் சாயம், நகச் சாயம், கன்னத்துப் பொடி சேர்த்து வரும் பெட்டிகளை நன்றாகத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் விலாசம், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாத அழகுச் சாமான் எதையும் வாங்காதீர்கள். நான் அந்தப் பெட்டிகளை அடியோடு நிறுத்திவிட்டேன். ஜூன் சீசனில் கொஞ்சம் வியாபாரம் குறைந்தது உண்மைதான். தாங்க முடியாத நஷ்டம் இல்லை.

6. பெயர் தெரியாத வெள்ளையாக்கும் கிரீம்களைத் தொடவே வேண்டாம். 2023-ல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது தெரியவந்து, அங்கே அதிகாரிகள் கடை கடையாகச் சோதனை போட்டார்கள். அந்தக் கிரீம்களில் கலந்திருந்த பாதரசமே காரணமாகச் சொல்லப்பட்டது.

7. கிரீம் சரங்களை மிட்டாய் பாட்டிலுக்கு மேலே, பிள்ளைகளின் கண் மட்டத்தில் தொங்கவிடாதீர்கள். உள் தட்டில் வையுங்கள். கேட்கிறவர்கள் கேட்டு வாங்கட்டும்.

8. கிரீடம் செட் பக்கத்திலேயே பந்து, ஸ்கிப்பிங் கயிறு, பூதக்கண்ணாடி, காந்தம், கட்டி அடுக்கும் சாமான், வரைபடம், பனை ஓலைக் கிலுகிலுப்பை என்று நாலு சாமான் வையுங்கள். கண்ணில் படாத சரக்கைப் பிள்ளை எப்படிக் கேட்கும்?

முடிவாக

காய்கறி வாங்கினால் கொத்தமல்லி கொசுறு. கடலை வாங்கினால் ஒரு கை கொசுறு. கொசுறுக்குப் பட்டியலில் விலை கிடையாது, ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனபின் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார். பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் கொசுறு வார்த்தை. நாம் கொடுத்ததை அரை மணியில் மறந்துவிடுவோம். பிள்ளை ராத்திரி வரை வைத்திருக்கும், சில பிள்ளைகள் ஆயுசுக்கும் வைத்திருக்கும்.

கணக்குப்பிள்ளை மறுநாளே என் மகள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து, "தாத்தா தெரியாமப் பேசிட்டேன் தாயி" என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அந்த மனது வர இன்னும் இரண்டு நாள் ஆயிற்று. "தாத்தா சிரிச்சது தப்பு" என்றேன். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை, என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஜூனில் கடைக்கு வந்தபோதும் இளவரசிப் பையைத்தான் எடுத்தாள். நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பையைத் தூக்கினேன், கல் மாதிரி கனத்தது. திறந்து பார்த்தால் புளியங்கொட்டை, வைப்பாற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல், ஒரு காந்தம், அதில் ஒட்டிய நாலு ஆணி. வெளியே இளவரசி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். பையின் அடியெல்லாம் கரிசல் மண்.

நம் கடைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டுக்கு ராஜாத்திதான், ஒரு வீட்டுக்கு ராஜாதான். வரும் ஜூன் சீசனுக்குச் சரக்கு எடுக்கும்போது இந்தப் பாடத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எடையில் குறை வைக்காதவர்கள் என்று பெயர் எடுத்த நாம், வார்த்தையிலும் குறை வைக்காமல் இருப்போம்.